வில்லும் நாரும்: வாசகர் கேள்வி பதில்

ஒரே மரத்துண்டிலிருந்து கையால் வில் செய்யும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பேராக் மாநிலத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் கெடாவிலிருந்தும் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சில சொற்களை முதலில் விளக்கிவிடுகிறேன். வில்லைப் பிடித்து நிற்கும்போது இலக்கை நோக்கியிருக்கும் பக்கம் புறம். எய்பவரை நோக்கியிருக்கும் பக்கம் அகம். நடுவில் பற்றும் இடம் பிடி. அதற்கு மேலும் கீழும் வளைகின்ற பகுதிகள் மேற்கை, கீழ்க்கை. நாணை இழுக்கும்போது புறத்திலுள்ள நார்கள் இழுபடுகின்றன, அகத்திலுள்ள நார்கள் நசுங்குகின்றன. வில் செய்பவருக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து பிறப்பவையே.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவன். மறுநடவுக்காகச் சாய்த்த மரங்கள் தோட்டத்தில் கிடக்கின்றன. அந்த மரத்திலேயே என் பேரனுக்கு ஒரு வில் செய்து கொடுக்க ஆசை. முடியுமா? (ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, சுங்கை சிப்புட்)

பதில்: முடியும் ஐயா, ஆனால் எந்த மரம், எப்போது சாய்த்தது என்பதைப் பொறுத்தே முடியும். பால் பட்டையில்தான் ஓடுகிறது, மரத்துக்குள் ஓடுவதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த ரப்பர் மரம் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ வரை எடையுள்ள நடுத்தர மரம். மேசை நாற்காலிக்கு அந்த வலிமை தாராளம். வில்லுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் குறையை அகலத்தாலும் நீளத்தாலும் ஈடுகட்டலாம். பிடியை அடுத்து இரண்டேகால் அங்குல அகலமும் மொத்தத்தில் ஆறடி நீளமும் வைத்துக்கொண்டு, இழுவை, அதாவது நாணை முழுவதும் இழுக்கத் தேவைப்படும் விசை, 25 பவுண்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், வளரும் பையனுக்குச் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய வில் கிடைக்கும்.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதுதான் உண்மையான சிக்கல். சாய்த்த சில நாள்களிலேயே நீலப் பூஞ்சணம் பிடித்துவிடும். வண்டும் துளைக்கத் தொடங்கிவிடும். பூஞ்சணம் நிறத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடக்கூடும், ஆனால் அதன்பின் வருகின்ற உளுப்பு நாரையே கெடுத்துவிடும். வாரக்கணக்கில் ஈரமண்ணில் கிடந்த மரம் பார்வைக்கு நன்றாயிருந்தாலும், அதில் செய்த வில் முள்ளங்கி ஒடிவதுபோல் குறுக்கே சட்டென்று ஒடியும். ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் சொல்லி வைத்து, புதிதாகச் சாய்த்த மரத்தில் துண்டு கேட்டு வாங்குங்கள். கத்தி ஆழமாகப் பட்டு மரம் புடைத்துப்போன இடங்களை உங்கள் கண்ணே விலக்கிவிடும்; அந்தப் புடைப்புகளில் நார் சுற்றி வளைந்து ஓடுவதால் அவை வில்லுக்கு ஆகா. நேரான பகுதியை இரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும், ஏனெனில் இரம்பம் நாம் கோடு போட்ட வழியில் போகிறது, பிளவோ நாரின் வழியில் போகிறது. பிளந்த அன்றே பட்டையை உரித்து, இரு முனைகளிலும் சாயமோ மெழுகோ பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கிவிடுங்கள்.

கடையில் விற்கும் ரப்பர் மரப் பலகையை வாங்கிச் செய்யலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அப்பலகைகளில் பெரும்பாலானவை சிறு துண்டுகளைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, பசையிட்டு நீளமாக்கப்பட்டவை. பலகையின் ஓரத்தைப் பார்த்தால் அந்தப் பல்வரிசை தெரியும். ஒவ்வொரு பல்வரிசையிலும் நார் அறுபட்டிருக்கிறது. செம்பனைத் தண்டைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரே வரியில் விடை: அது மென்மையானது, நீர் மிகுந்தது, வில்லுக்கு உதவாது.

கேள்வி: நம் நாட்டிலேயே உறுதியான மரம் செங்கால்தான் என்கிறார்கள். பழைய வீடொன்றைப் பிரித்தபோது செங்கால் உத்தரம் கிடைத்தது. அதில் 60 பவுண்டு வில் செய்ய விரும்புகிறேன். (தச்சர், கோல கங்சார்)

பதில்: உங்களிடம் இருப்பது நல்ல மரம், அதைவிட முக்கியமாக நன்றாகக் காய்ந்த மரம். ஆனால் செங்கால் கன மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும் கனமரம். அம்பை விடும்போது வில்லின் கைகளும் சேர்ந்தே முன்னோக்கிப் பாய வேண்டியிருப்பதால், நுனிகளில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய வேகத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எனவே நுனிகளை அரை அங்குலத்துக்கு மேல் அகலமாக விடாதீர்கள். ஆணி அடித்த துளைகள் புறத்தில் வராதபடி துண்டைத் தேர்ந்தெடுங்கள். நம் வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் நார் ஓரடுக்கு வலப்பக்கமும் அடுத்த அடுக்கு இடப்பக்கமும் சாய்ந்து பின்னிக்கொண்டு வளரும். இழைப்புளி ஓட்டும்போது ஒரு பட்டை வழவழப்பாகவும் அடுத்த பட்டை பிய்ந்தும் வருவதைத் தச்சரான நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். தூணுக்கு அந்தப் பின்னல் நன்மை, வில்லுக்கு அது தீமை. உத்தரத்தின் ஓரத்தில் சிறு துண்டைப் பிளந்து பாருங்கள். பிளந்த முகம் முறுக்கிக்கொண்டு வந்தால் அதைக் கதவு நிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

60 பவுண்டு என்ற எண்ணை விட்டுவிடுவது நல்லது. முதல் வில்லுக்கு 30 முதல் 35 பவுண்டு போதும். எய்யக் கற்றுக்கொள்பவர் கனமான வில்லை இழுத்துத் தோளைக் கெடுத்துக்கொள்வதும், செய்யக் கற்றுக்கொள்பவர் கனமான வில்லை வளைத்து மரத்தைக் கெடுத்துக்கொள்வதும் ஒரே ஆசையின் இரண்டு விளைவுகள்.

கேள்வி: மரம் தேடி அலைய முடியாதவர்கள் மூங்கிலில் செய்யலாமா? எந்த மூங்கில், எப்படி? (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தாப்பா)

பதில்: செய்யலாம் அம்மா. என்னைக் கேட்டால் நம் ஊர்க்காரர்கள் மூங்கிலில் இருந்துதான் தொடங்க வேண்டும். இழுவையைத் தாங்குவதில் மூங்கிலின் மேற்பட்டைக்கு ஈடான மரம் அரிது; அதன் வலிய நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும், உள்ளே போகப்போக நெகிழ்வாகவும் அமைந்திருக்கின்றன. புறத்தில் நார் அறாமல் இருக்க வேண்டும் என்று மரத்தில் நாம் பாடுபட்டுத் தேடுவதை, மூங்கில் தன் தோலிலேயே வைத்திருக்கிறது. ஆள் உயரத்தையும் மிஞ்சும் நீளமான ஜப்பானிய வில்லின் அகத்திலும் புறத்திலும் மூங்கில் பிளாச்சுகளையே இன்றளவும் வைத்து ஒட்டுகிறார்கள்.

பூலோ பெத்தோங் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பருத்த மூங்கில் இதற்கு ஏற்றது. அதன் அடிப்பகுதியில் சுவர் அரை அங்குலத்துக்கு மேல் தடித்திருக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த கழியை வெட்டாதீர்கள். இளங்கழியில் பாளை ஒட்டிக்கொண்டும் வெண்பொடி படிந்தும் இருக்கும். முற்றிய கழியில் பச்சை மங்கி, சாம்பல் நிறப் பாசித் திட்டுகள் படர்ந்திருக்கும், பாராங் கத்தியின் பின்புறத்தால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். தோட்டத்து எல்லையிலோ வீட்டுக் கொல்லையிலோ நிற்கும் மூங்கிலை உரியவரிடம் கேட்டு வெட்டுங்கள். வனக் காப்பு நிலத்தில் மூங்கிலும் வனப்பொருளே. 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி அனுமதியின்றி அதை எடுத்துவரக் கூடாது.

வெட்டிய கழியை ஓடும் நீரில் சில வாரங்கள் அமிழ்த்தி வைத்தால் மாவுச்சத்து கரைந்து போகும், வண்டு நெருங்குவது குறையும். நாற்றம் சகிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பக்கத்து வாய்க்காலில் போட்டால் அண்டை அயலார் சண்டைக்கு வருவார்கள். பின்பு இரண்டங்குல அகலத்தில் பிளாச்சுகளாகப் பிளந்து, தகரக் கூரைக்கு அடியில், வெயில் நேரடியாகப் படாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைப் பிளாச்சின் மீதே பென்சிலால் குறித்து வாருங்கள். அடுத்தடுத்த வாரங்களில் எடை மாறாமல் நின்றால் நம் காற்றில் காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது என்று பொருள். குளிர்நாட்டுக்காரர்கள் வில் மரத்தில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு ஈரம் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் திறந்தவெளியில் காயும் மரம் அந்த அளவுக்கு இறங்காது, அதனால் நம் வில்கள் சற்றே அகலமாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும். ஈரம் மிகுந்த மரம் நசுக்கத்துக்கு எளிதில் இடம் கொடுத்து, நாண் இறக்கிய பிறகும் வளைந்தபடியே நின்றுவிடும்.

பிளாச்சில் சீவ வேண்டியது உட்புறத்தை மட்டுமே. தோலில் கத்தி படவே கூடாது. கணுவின் புடைப்பை அழகுக்காகத் தோல்பக்கத்தில் சமன்செய்பவர்களின் வில் அந்தக் கணுவிலேயே சிம்பு கிளம்பி முறியும். உட்புறக் கணுச்சுவரைச் செதுக்கும்போதும் கணுவின் கீழ்ப் பகுதியைச் சற்றுத் தடிப்பாகவே விட்டுவையுங்கள். சுவர் மெல்லியதாக இருந்தால், முழு நீளப் பிளாச்சின் அகப்பக்கத்தில் அதில் பாதி நீளமுள்ள இன்னொரு பிளாச்சை வைத்து, பிடியில் மெழுகிட்ட நூலால் இறுகச் சுற்றிக் கட்டிவிடலாம். மாணவர்களை வைத்துச் செய்ய இதுவே எளிய வழி.

மூங்கிலைவிடவும் எளிதானது ரோத்தான் என்னும் பிரம்பு. மானாவ் என்னும் பருத்த ரோத்தான் நாற்காலி செய்பவர்களிடம் கிடைக்கும். உள்ளே பொள்ளல் இல்லை. தவறாக வளைத்தாலும் பட்டென்று ஒடியாமல் நார் நாராகப் பிரிந்து எச்சரிக்கும். வேகம் குறைவு, வளைவும் நிலைத்துவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு இந்த இரண்டு குறைகளையும் நான் பொருட்படுத்த மாட்டேன்.

கேள்வி: காணொளிகளில் யூ மரம், ஓசேஜ் ஆரஞ்சு மரம் என்று சொல்கிறார்கள். இவற்றை வரவழைத்தால்தான் உண்மையான வில் செய்ய முடியுமா? (கல்லூரி மாணவர், ஈப்போ)

பதில்: வேண்டியதில்லை தம்பி. யூ மரத்துக்கு அப்பெருமை ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் போதும். அதன் வெளிப்புற வெண்மரம் இழுவையை நன்கு தாங்கும், உள்வைரம் நசுக்கத்தை நன்கு தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் வெட்டியெடுத்தால் புறமும் அகமும் தாமாகவே அமைந்துவிடும். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ வில்கள் கிடைத்தன. அதற்கும் வெகு முன்னதாக, 1991இல் ஆல்ப்ஸ் பனியில் உடல் கண்டெடுக்கப்பட்ட, ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனிதர் தம்முடன் வைத்திருந்ததும் யூ வில்லே. 1.82 மீட்டர் நீளமுள்ள அந்த வில் முடிக்கப்படாதது. செதுக்கிய கருவியின் தடங்கள் அதில் அப்படியே இருக்கின்றன, அவருடைய தூணியிலிருந்த 14 அம்புக் கோல்களில் இரண்டுதான் முற்றுப்பெற்றவை. ஆனால் யூ மரம் அவர்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தது. டென்மார்க் சதுப்பு நிலங்களில் கிடைத்த இன்னும் பழைய வில்கள் எல்ம் மரத்தில் செய்தவை. அங்கங்கே கையில் கிடைத்த மரத்துக்கு ஏற்ப அகலத்தையும் நீளத்தையும் மாற்றிக்கொண்டார்கள். விமானத்தில் வரும் மரத்துக்குக் கொடுக்கும் வெள்ளியில் நல்ல இழைப்புளியும் இரண்டு அரங்களும் வாங்கிவிடலாம்.

கேள்வி: பலகைக் கடையில் மெர்பாவ் பலகை வாங்கி, ஐந்தடி எட்டங்குலத்தில் வில் செய்தேன். 22 அங்குலம் இழுத்தபோது பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மேற்கை முறிந்துவிட்டது. முறிவு சாய்வாக, நீண்ட சிம்புகளோடு இருக்கிறது. அதற்கு முன் ஒருமுறை டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. தவறு எங்கே? (லாரி ஓட்டுநர், பீடோர்)

பதில்: முறிந்த துண்டைத் தூக்கியெறியாமல் வைத்திருந்து இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்தத் துண்டிலேயே இருக்கிறது. மெர்பாவ் மரத்தின் நுண்துளைகளில் மஞ்சள் நிறப் படிவு இருக்கும், இழைத்த பலகையில் அது மெல்லிய மஞ்சள் கீற்றுகளாகத் தெரியும். அந்தக் கீற்றுகள் ஓடும் திசையே நார் ஓடும் திசை. முறிந்த துண்டின் புறத்தையும் பக்கவாட்டையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். கீற்றுகள் வில்லின் நீளவாக்கில் போகாமல் சாய்வாகப் போய் ஓரத்தில் முடிந்துபோயிருக்கும், முறிவும் அதே சாய்வில் போயிருக்கும். புறத்திலிருந்த நார்கள் முனையிலிருந்து முனை வரை ஓடாமல் நடுவழியில் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தன. இழுவை வந்ததும் ஒன்றையொன்று விட்டு விலகின. முதலில் கேட்ட டிக் சத்தம் ஒரு சிம்பு கிளம்பிய சத்தம். அப்போதே நிறுத்தி, புறத்தைப் பஞ்சால் தடவிப் பார்த்திருந்தால் பஞ்சிழை சிக்கும் இடத்தில் அது அகப்பட்டிருக்கும்.

அடுத்த முறை கடையில் பலகை எடுக்கும்போது பத்துப் பலகைகளைப் புரட்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். அகன்ற முகத்திலும் குறுகிய பக்கத்திலும் கீற்றுகள் முனைக்கு முனை நேராக ஓடும் பலகை ஒன்று அகப்படும் வரை வாங்க வேண்டாம். நேராக ஓடும் பலகையாயினும் காடாத் துணிப் பட்டையொன்றை மரப்பசையால் புறத்தில் ஒட்டிவிட்டால் சிம்பு கிளம்புவதைத் தடுக்கும்.

இனி இன்னொரு காரணத்தையும் பார்க்க வேண்டும். பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் முறிந்தது என்கிறீர்கள். அந்த இடம் மட்டும் கூடுதலாக வளைந்திருக்கலாம். வில்லின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதமாகவும், தடிமனுக்கு மும்மடிப் பெருக்கமாகவும் கூடுகிறது; அதாவது அகலத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பும் பத்தில் ஒரு பங்கு குறையும், தடிமனில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பு கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அரை அங்குலத் தடிமனுள்ள கையில் பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அளவு. அரத்தால் நாலு இழுப்புக் கூடுதலாக இழுத்துவிட்டால் அந்த இடம் கீல்போல மடியத் தொடங்கிவிடும்.

ஆகவே வளைவைச் சீர்செய்யும் கட்டத்தில் அவசரம் கூடாது. முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை அழுத்தி, ஒவ்வொரு கையும் வளைகிறதா என்று பாருங்கள். பிறகு நீளமான தளர்ந்த நாணைக் கட்டி, இரண்டடிக் கட்டையொன்றில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு வீதம் போட்டு, அதன் தலையில் பிடியைப் பொருத்தி, நாணை ஒரு வெட்டில் மாட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து இரு கைகளையும் ஒப்பிடுவது கண்ணால் பார்ப்பதைவிட நம்பகமானது. கண் தான் விரும்பியதைப் பார்த்துவிடும். வளையாமல் நேராக நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அங்கே மட்டும் அகப்பக்கத்தைச் சுரண்டுங்கள். மிகுதியாக வளையும் இடத்தை அரம் தொடவே கூடாது. சுரண்டிய பிறகு முப்பது முறை மெல்ல இழுத்து விட்டால்தான் மரம் அந்த மாற்றத்தைக் காட்டும். கட்டையில் நாணை மாட்டிவிட்டு வில்லை அப்படியே விட்டுப் போய்த் தேநீர் குடிக்காதீர்கள், நின்றிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அகத்து நார்கள் நசுங்கிக்கொண்டிருக்கும். பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசை நாணில் மாட்டி இழுத்து, 30 பவுண்டு வில் வேண்டுமானால் எந்தக் கட்டத்திலும் 30 பவுண்டுக்கு மேல் இழுக்காதீர்கள்: பத்தங்குல இழுப்பிலேயே 30 வந்துவிட்டால் மேற்கொண்டு இழுக்காமல் சுரண்டிவிட்டு மீண்டும் பாருங்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பவரின் வில் 28 அங்குலம் வரும்போது தானாகவே 30 பவுண்டில் வந்து நிற்கும்.

ஐந்தடி எட்டங்குலம் 28 அங்குல இழுப்புக்குப் போதுமான நீளந்தான். ஆனாலும் பலகையில் செய்யும் முதல் வில்லுக்கு ஆறடி வையுங்கள். நீளம் கூடக்கூட ஒவ்வோர் அங்குலமும் ஏற்கும் வளைவு குறையும். முறிவு இல்லாமல் அகத்தில் குறுக்காக நூல்போன்ற சுருக்கங்கள் தோன்றினால் அது நசுக்கத்தின் அடையாளம். அந்த வில்லின் இழுவையைக் குறைப்பதன்றி வேறு மருந்தில்லை.

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் விஜயதசமியன்று வாழையில் அம்பு போடும் சடங்குக்குப் புதிய வில் தேவைப்படுகிறது. கடையில் வாங்கிய இழைக்கண்ணாடி வில் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். (கோவில் நிர்வாகக் குழு உறுப்பினர், சுங்கை சிப்புட் வட்டாரம்)

பதில்: ரோத்தானில் செய்யுங்கள். நாலரை அடி நீளம், இழுவை 15 பவுண்டைத் தாண்ட வேண்டாம். வாழைத் தண்டு மென்மையானது, பத்தடி தொலைவிலிருந்து கூர்சீவிய மூங்கில் அம்பு அதில் தாராளமாகப் பாயும்; இரும்பு முனை தேவையே இல்லை. மஞ்சள் துணி சுற்றுவதும் பூச்சரம் கட்டுவதும் பிடியோடு நிற்கட்டும், கைகளிலும் நுனிகளிலும் பூவைக் கட்டினால் நாண் சிக்கிக்கொள்ளும். என் கவலை வில்லைப் பற்றியதாக இல்லை, கூட்டத்தைப் பற்றியது. வாழைக்குப் பின்னால் மண்மேடோ, தடித்த பலகையோ, நெருக்கமாக அடுக்கிய வைக்கோல் கட்டோ இருக்க வேண்டும். படம் எடுக்க முன்னால் ஓடும் பிள்ளைகள் உட்பட அனைவரும் எய்பவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். கயிறு கட்டி அந்த எல்லையைக் காட்டிவிடுங்கள், வாயால் சொன்னால் திருவிழாவில் யாரும் கேட்கமாட்டார்கள். நான்கு திசைகளிலும் அம்பு எய்யும் வழக்கம் உங்கள் கோவிலில் இருந்தால், வாழை இல்லாத மற்ற மூன்று திசைகளுக்கும் முனை மழுங்கிய, பஞ்சு கட்டிய அம்பைத் தாழ்வாக எய்வது நலம்.

கேள்வி: நைலான் கயிற்றை நாணாகக் கட்டலாமா? பழங்காலத்தில் எதைக் கட்டினார்கள்? (இல்லத்தரசி, தெலுக் இந்தான்)

பதில்: நைலான் வேண்டாம் அம்மா, அது இழுபட்டு நீள்வதால் வில்லின் விசையை அம்புக்குக் கொடுக்காமல் தானே விழுங்கிக்கொள்ளும். நீளாத பாலியெஸ்டர் நூலை, தோல் தைப்பவர்கள் பயன்படுத்தும் மெழுகிட்ட நூலாயினும் சரி, இரண்டு புரியாகப் பிரித்து எதிர்முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். எல்லாப் புரிகளும் சேர்ந்து வில்லின் இழுவையைப் போல் நான்கு மடங்காவது தாங்க வேண்டும். 30 பவுண்டு வில்லுக்கு 120 பவுண்டு தாங்கும் நாண்.

பழைய நாண்களில் விலங்கின் நரம்பு, பட்டு, சணல் எல்லாம் உண்டு. மத்திய இந்தியாவின் பீல் மக்கள் மூங்கில் தோலைச் சீவி, அந்தப் பட்டையையே நாணாகக் கட்டுவார்கள். தமிழ்நாட்டில் வளரும் மருள் என்னும் செடியின் நாரும் நாணுக்குப் பேர்போனது. அதன் நெருங்கிய உறவான, மஞ்சள் விளிம்பிட்ட நெடிய இலையுள்ள செடியை நீங்கள் வாசலில் தொட்டியில் வைத்திருக்கக்கூடும். அடியிலிருந்து முற்றிய இலையொன்றை அறுத்து, பலகையின் மேல் கிடத்தி, மழுங்கிய கத்தியின் விளிம்பால் நுனிநோக்கி அழுத்தித் தள்ளினால் பச்சைச் சதை கூழாக வழிந்து போகும், வெண்மையான நார்கள் இலையின் முழு நீளத்துக்கும் அறாமல் பலகையிலேயே தங்கும். அலசி நிழலில் உலர்த்தி, புரி மெலியும் இடத்தில் புதிய நாரைச் சேர்த்து முறுக்கிக்கொண்டே போகலாம். தேன்மெழுகு தடவினால் மழைக்காலத்தில் நாண் தளராது. குறைந்த இழுவையுள்ள வில்லில் முதலில் பயன்படுத்திப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஊதுகுழலைத்தான் பயன்படுத்துகிறார்கள். வில் இந்த நாட்டில் இருந்ததே இல்லையா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: இருந்தது. தீபகற்பத்தின் வடபகுதியில் வாழ்ந்த செமாங் மக்களிடம் முன்பு வில் புழங்கியது; பின்னர் அவர்களும் ஊதுகுழலுக்கு மாறினார்கள். உங்கள் பக்கத்துத் தெமியார் மக்களின் சும்பித்தான் என்னும் ஊதுகுழல் அடர்ந்த காட்டுக்கு ஏற்ற கருவி. மரக்கிளைகளின் நெருக்கத்தில் ஆறடி வில்லை விரிக்க இடமில்லை. உயரத்திலிருக்கும் அணிலையும் குரங்கையும் ஓசையின்றி வீழ்த்த, ஈப்போ மரத்தின் நச்சுப்பால் தடவிய மெல்லிய முள் போதும். ஊதுகுழலின் நீண்ட கணுவிடை மூங்கிலை நெருப்பில் காட்டி நேராக்கும் அவர்களுடைய கைப்பக்குவத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள், அம்புக் கோலை நேராக்குவதும் அதே முறையில்தான்.

கேள்வி: என் செம்பனை நிலத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. நானே செய்த வில்லால் அடிக்கலாமா? (சிறு தோட்டக்காரர், தைப்பிங்)

பதில்: வேண்டாம். பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமமின்றி வேட்டையாடுவது 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனவிலங்குத் துறையிடம் முறையிடுவதே வழி. இங்கே சொல்லிவரும் 30 பவுண்டு வில் பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி எந்தப் பக்கம் திரும்பும் என்பது உங்களுக்கே தெரியும். எய்து பழகப் போகும்போதும் வில்லை நாண் இறக்கி, உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பொது இடத்தில் ஆயுதம் ஏந்திச் செல்வது தொடர்பான 1958ஆம் ஆண்டின் சட்டம் கத்திக்கு மட்டும் உரியதன்று.

கேள்வி: செய்து முடித்த வில்லை எப்படிப் பாதுகாப்பது? தேங்காய் எண்ணெய் பூசலாமா? (வாசகர், சுங்கை பட்டாணி)

பதில்: தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுப்பாகவே நிற்கும், ஆளி விதை எண்ணெயோ வார்னிஷோ பூசுங்கள். பூச்சு ஈரம் புகுவதைத் தாமதப்படுத்தும், முற்றிலும் தடுக்காது. எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு பக்கம் வளைந்துவிடும் ஆதலால் இரண்டு ஆணிகளின் மேல் கிடையாகப் படுக்க வையுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடும் விளையாட்டை வீட்டில் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். அம்பு ஏற்க வேண்டிய விசை முழுவதும் வில்லின் கைகளுக்கே திரும்பும், நல்ல வில்லும் அதில் சிதறும். மிக இலேசான அம்பும் ஏறக்குறைய அதே கேட்டைச் செய்யும், 30 பவுண்டு வில்லுக்கு அம்பு 20 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். மாதக்கணக்கில் எய்யாமல் கிடந்த வில்லை எடுத்த உடனே முழுவதும் இழுக்க வேண்டாம். புறத்தைப் பஞ்சால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, நாணேற்றி, பாதி அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மெல்ல இழுத்து மெல்லத் திருப்பிக் கொண்டுவந்து, பிறகு அம்பைத் தொடுங்கள்.